72 மணி நேரத்துக்கு ஞாயிறு லீவு கிடையாது

பெறுநர்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்டங்களின் அரசு, தனியார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள், அவசரப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்.

அனுப்புநர்: எச்.ஐ.வி. மருந்தகத்திலும் ஆலோசனை அறையிலும் வேலை பார்க்கும் சிலர்.

வணக்கம்ங்க.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ரத்தம் எடுத்த ஊசி ஒரு செவிலியரின் விரலில் ஏறிவிடுகிறது. அல்லது அதே நேரத்தில் எங்கோ ஒரு அறையில் ஆணுறை கிழிகிறது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையமும், எச்.ஐ.வி. சிகிச்சை மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமும் திறப்பது திங்கள் காலை ஒன்பதுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 39 மணி நேரம் போயிருக்கும். இதுவே போகிப் பண்டிகை அன்று மாலை நடந்து, மூன்று நாள் பொங்கல் லீவு முடிந்து, நான்காம் நாள் காலை ஒன்பதுக்குக் கதவு திறந்தால் 87 மணி நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்குவதற்கான கெடு 72 மணி நேரம். அந்த ஆளுக்கு அந்த மாத்திரையால் இனிப் பலன் இல்லை.

இந்த மடலில் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாத்திரை பாட்டில் ஒன்று, அதோடு ஒரு பக்கக் குறிப்பு. இரண்டும் கேஷுவாலிட்டியில், 24 மணி நேரமும் கை நீட்டினால் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதுதான்.

முதலில் மாத்திரை. தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற நிலையில் பின்னாலிருந்து தடுப்பதைப் ‘பெப்’ என்கிறோம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள். நம் ஏ.ஆர்.டி. மையங்களில் டி.எல்.டி. என்று சொல்லிக் கொடுக்கிற அதே கூட்டு மாத்திரைதான். முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் போனால் நல்லது. 72 மணி நேரம் கடைசி எல்லை. இந்த ‘கடைசி’ என்ற சொல்தான் நம் ஆட்களை ஏமாற்றுகிறது. மூன்று நாள் இருக்கிறதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று ட்யூட்டி ரூமில் சொல்லிவிடுகிறோம்.

மூன்று நாள் அவகாசம் என்று யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. வைரஸ் முதலில் நுழைந்த இடத்துத் திசுவிலும், பிறகு பக்கத்து நெறிக்கட்டிலும் பெருகி, அதன்பின் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுகிறது. அந்த இடைவெளியில் மருந்து போய்ச் சேர வேண்டும். 1990-களில் குரங்குகளுக்கு டெனோஃபோவிர் கொடுத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் பெற்றவை எல்லாம் தப்பின. 48, 72 மணி நேரம் என்று தள்ளித் தொடங்கியவற்றில் சிலவற்றுக்குத் தொற்று வந்தது. சீக்கிரம் தொடங்கி, மூன்று நாளிலோ பத்து நாளிலோ நிறுத்தியவற்றிலும் அப்படியே. ‘ஏன் இத்தனை சீக்கிரம், ஏன் முழுசாக 28 நாள்’ என்று கேட்பவருக்கு இதுவே பதில். மனிதரில், ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களை ஒப்பிட்டு 1997-இல் வந்த ஆய்வில், பழைய சிடோவுடின் ஒற்றை மருந்தே தொற்று வாய்ப்பை 81 சதவீதம் குறைத்திருந்தது. இன்றைய மூன்று மருந்து அதைவிடச் சுலபம், பக்கவிளைவும் குறைவு.

இனி பெட்டி. கேஷுவாலிட்டியில் அட்ரினலின் வைத்திருக்கும் ட்ரேக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே 30 மாத்திரை உள்ள டி.எல்.டி. பாட்டில் இரண்டு, எச்.ஐ.வி. ராபிட் கிட், ஹெபடைட்டிஸ்-பி கிட், அவசரக் கருத்தடை மாத்திரை, பதிவுப் படிவம், ஒரு பேனா. பேனா என்பது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. படிவம் நிரப்பப் பேனா தேடிப் போகிறவர் பாதி வழியில் வேறு கேஸுக்குப் போய்விடுவார். டப்பாவின் மூடியில் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஷிப்ட் இன்சார்ஜ் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பூட்டு வேண்டாம். பூட்டினால் சாவி யாரிடம் என்பது அடுத்த கேள்வியாகும். இந்த மாத்திரையைத் திருடி விற்க யாரும் வரமாட்டார்கள்.

பாட்டிலைப் பிரித்து இரண்டு நாளைக்கு இரண்டு மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு, ‘மீதிக்கு ஏ.ஆர்.டி. மையம் போங்க’ என்று அனுப்பும் பழக்கத்தை விடச் சொல்கிறோம். இரண்டு காரணம். பாட்டிலுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான் இருக்கிறது; வால்பாறை மழையில் காகிதக் கவர் எத்தனை நாள் தாங்கும்? இன்னொன்று, மீதிக்கு வருகிறேன் என்று போனவர் வராமல் போவதுதான் பெப் பாதியில் நிற்கும் முக்கியமான வழி. முதல் நாளே 28 நாள் மருந்தையும் கொடுத்துவிடச் சொல்வதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாட்டிலில் 30 இருக்கும். இரண்டு மிஞ்சும், மிஞ்சட்டும். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவரையும், கொல்லிமலைக்கு 70 வளைவு ஏறுகிறவரையும் மூன்றாம் நாள் மறுபடி கீழே வா என்று சொல்வது ‘வராதே’ என்று சொல்வதற்குச் சமம்.

ஊசி குத்தினால் என்ன செய்வது என்பதில் மூத்தவர்களே தடுமாறுகிறோம். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது; அனிச்சையாக வைத்துவிடுகிறோம். ஸ்பிரிட், டெட்டால், பிளீச் எதுவும் ஊற்ற வேண்டாம், அவை திசுவைப் புண்ணாக்கும். குழாய்த் தண்ணீரும் சாதா சோப்பும் போதும். கண்ணில் தெறித்தால் தண்ணீரோ சலைனோ ஊற்றிக் கழுவ வேண்டும்; கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழுவும்வரை கழற்றாதீர்கள். கழுவி முடித்ததும் மாத்திரை. நோயாளியின் ரத்த முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம், நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மாத்திரையால் யாருக்கும் கேடு இல்லை.

பயத்தைச் சரியான அளவில் வைக்க எண்கள் உதவும். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் இருந்த ஊசி குத்தினால் தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. கண், வாய்ச் சவ்வில் தெறித்தால் பத்தாயிரத்தில் சுமார் 9. அடிபடாத தோலில் பட்டால் பெப் தேவையே இல்லை. ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த ஊசி பல மடங்கு ஆபத்து. எனவே பெப் கேட்டு வருகிறவரிடம் ‘மூணு டோஸ் பி-தடுப்பூசி போட்டிருக்கீங்களா’ என்று கேட்காமல் அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்தது.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. டோலுடெக்ராவிர் அலுமினியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் போய்விடும். பதற்றத்தில் வயிறு எரிகிறது என்று ஜெலூசில் குடித்துவிட்டு அடுத்த நிமிடம் இந்த மாத்திரையைப் போட்டால் பெரும்பகுதி வீண். ஜெலூசில் மாதிரி மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் பின்னால் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் இதே கணக்கு. சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் மட்டும் இரும்பு, கால்சியம் மாத்திரையை இதோடு ஒன்றாகப் போடலாம்; ஜெலூசிலுக்கு இந்தச் சலுகை இல்லை. மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரைக்காரருக்கு அது ரத்தத்தில் கூடும். ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 மி.கி. சேர்க்க வேண்டும். இதையெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு யாரும் ஞாபகம் வைத்திருக்க முடியாது. அதற்குத்தான் அந்த ஒரு பக்கக் குறிப்பு.

தூக்கம் வரவில்லை என்பார்கள். காலையில் போடச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் இரண்டாம் வாரம் 0.1, 0.2 ஏறியிருக்கிறது என்று பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். டோலுடெக்ராவிர் கிரியேட்டினின் வெளியேறும் வழியைச் சற்று அடைக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. அதற்கு மேல் ஏறினால்தான் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். 30 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தை மருந்துக்கு எடைக்கணக்கு தனி, குழந்தை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுபரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம். அதுவரை ஆணுறை கட்டாயம்; ரத்த தானம் கூடாது.

இப்போது யாரைக் கணக்கில் சேர்க்க மறக்கிறோம் என்பது. ஊசி ஏறுவது டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் அல்ல. ஊசியை வெள்ளை நிற, குத்துப் படாத டப்பாவில் போடாமல் மஞ்சள் பையில் போட்டால், அந்தப் பையைத் தொடையோடு அணைத்துத் தூக்கிப் போகும் தூய்மைப் பணியாளருக்குத்தான் குத்தும். அவர் ஒப்பந்த ஏஜென்சி ஆள். சொன்னால் வேலை போகுமோ என்று மூடி மறைப்பார். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. அதன் 19-ஆம் பிரிவு, மருத்துவ சேவை தரும் ஒவ்வொரு நிறுவனமும் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்புப் பொருளும் பயிற்சியும் பெப் மருந்தும் கொடுக்க வேண்டும் என்கிறது. ஏஜென்சி ஆள், நிரந்தரப் பணியில் இருப்பவர் என்று அதில் பிரிவினை இல்லை. அவிநாசி சாலை ஓரத்துப் பெரிய மருத்துவமனைக்கும் சரி, பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கும் சரி, இதே சட்டம்தான்.

பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருகிறவர் விஷயத்தில் எங்களுக்குப் பொறுமை குறைவு. எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா, கூட யார் வந்திருக்காங்க என்று கேட்டுக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார வைப்பது சட்டப்படியே தவறு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. முதல் பெப் மாத்திரை, அவசரக் கருத்தடை, பால்வினை நோய்த் தடுப்பு மருந்து. இவை போன பிறகு மற்றக் காகிதம்.

சம்மதத்தோடு நடந்த உறவுக்குப் பின் வருகிறவரிடம் நான்கு கேள்வி போதும்: எப்போது நடந்தது, எந்த வழி உறவு, ஆணுறை இருந்ததா, அந்த இன்னொருவரின் எச்.ஐ.வி. நிலை தெரியுமா. கல்யாணம் ஆயிடுச்சா, எதுக்கு அங்கெல்லாம் போனீங்க என்பது எந்த மருந்தின் அளவையும் மாற்றாது. துணைவர் ஏ.ஆர்.டி. ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் உறவு வழியாகத் தொற்றாது. அந்த இடத்தில் பெப் தேவைப்படாது என்று தைரியம் சொல்லி அனுப்பலாம்.

ஒரே ஆள் இரண்டாம் முறை பெப் கேட்டு வந்தால் திட்டத் தோன்றும். திட்டாதீர்கள். அவர் முன்னாலேயே போடும் மாத்திரைக்கு, ‘பிரெப்’புக்கு, உரிய ஆள். பெப் 28 நாள் முடிந்ததும் பரிசோதனை எடுத்து, இடைவெளி விடாமல் பிரெப்புக்கு மாற்றலாம்.

பிரெப் என்பது டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி. சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல், தொற்று வாய்ப்பு அதிகமுள்ள எல்லோருக்கும் என்று பரிந்துரைத்தது. நாகோ 2022-இல் இதற்கென வழிகாட்டி கொண்டுவந்தது. ஆனாலும் நம் பக்கத்தில் கேட்டால் ‘அப்படி ஒண்ணு இருக்குதுங்களா’ என்று கேட்கும் டாக்டர்களே அதிகம். மருந்துக் கடையில் இன்னொரு குழப்பம்: ஹெபடைட்டிஸ்-பி நோயாளிக்குத் தரும் தனி டெனோஃபோவிர் 300-ஐயோ, அலாஃபெனமைடு வகையையோ ‘எல்லாம் ஒண்ணுதானுங்க’ என்று மாற்றிக் கொடுப்பது. ஒன்று அல்ல. சீட்டில் எழுதிய கூட்டு மாத்திரையே வேண்டும்.

தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். கடந்த சில வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் தடிப்பு இருந்ததா என்று கேளுங்கள். தொற்று புதிதாக வந்த நாட்களில் பரிசோதனை ‘இல்லை’ என்றே காட்டும். அப்போது இரண்டு மருந்தை மட்டும் கொடுத்தால் வைரஸ் அந்த மருந்துகளுக்கு எதிர்ப்பு கற்றுக்கொள்ளும். கடைசி மூன்று நாளுக்குள் ஆபத்தான உறவு நடந்திருந்தால் முதலில் பெப்தான். ஹெபடைட்டிஸ்-பி பார்த்துவிடுங்கள், அது இருப்பவர் பிரெப்பைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பும்.

சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்ற கணக்கைக் கையாலேயே போடலாம். 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 × கிரியேட்டினின் என்பதால் வகுக்க வேண்டும். பெண்ணுக்கு வரும் விடையை 0.85-ஆல் பெருக்கவும். 28 வயது, 60 கிலோ, கிரியேட்டினின் 0.9 உள்ள ஆணுக்கு 104 வருகிறது, தாராளமாகத் தொடங்கலாம். 54 வயது, 50 கிலோ, 1.3 உள்ளவருக்கு 46. டெனோஃபோவிர்–எம்ட்ரிசிடபின் பிரெப்புக்கு 60 வேண்டும், அவருக்கு வேண்டாம். 1.3 என்ற எண்ணை மட்டும் பார்த்து ‘நார்மல்தான்’ என்று தள்ளிவிடும் இடம் இது.

போட்ட அன்றே காவல் கிடைக்காது. ஆசனவாய் வழி உறவுக்குத் தினமும் போட்டு சுமார் 7 நாள் ஆகும். பெண்ணுறுப்புத் திசுவில் மருந்து மெதுவாகச் சேரும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 21 நாள் என்று கணக்குச் சொல்கிறது. முதல் சில வாரம் குமட்டல், தலைவலி, வயிறு உப்புசம் வரலாம், தானாகப் போகும். ஒரு மாதத்தில் ஒரு பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. மேகவெட்டை, சிஃபிலிஸ் இவற்றை இந்த மாத்திரை தடுக்காது. ஆணுறைக்கு வேலை இருக்கிறது.

ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு இன்னொரு முறையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சேர்த்தது: 2-1-1. சனி இரவு பத்து மணி உறவு என்றால் சனி மாலை ஆறுக்கு இரண்டு மாத்திரை, ஞாயிறு ஆறுக்கு ஒன்று, திங்கள் ஆறுக்கு ஒன்று. அந்த முதல் இரண்டும் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் போயிருக்க வேண்டும். பெண்களுக்கும், ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கைகளுக்கும், ஹெபடைட்டிஸ்-பி உள்ளவருக்கும் இது பொருந்தாது. இந்த மூன்று பேரையும் சொல்லாமல் 2-1-1-ஐ மட்டும் வாய்மொழியாகப் பரப்புவது ஆபத்து.

கொங்கு நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி கிளம்பினால் மாதக்கணக்கில் ஊர் திரும்பாது. நாமக்கல் லாரியும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாருங்கள் என்ற விதி அவர்களிடம் எடுபட, மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்க வேண்டும். பரிசோதனையைப் போகும் ஊரின் அரசு ஆலோசனை மையத்திலேயே செய்துகொள்ளச் சொல்ல வேண்டும். மையம் எங்கே என்று 1097-க்குக் கூப்பிட்டால் இலவசமாகச் சொல்வார்கள். பாட்டிலை டேஷ்போர்டில் வைக்க வேண்டாம். 30 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தைச் சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் வேக வைப்பது அது. சீட்டுக்கு அடியில் துணிப்பையில் இருக்கட்டும். குலுங்கும் சத்தம் கிளீனருக்குக் கேட்குமே என்று கூச்சப்படுகிறவர், பாட்டிலுக்குள் கொஞ்சம் பஞ்சு திணித்துக்கொள்ளலாம். சிலிக்கா பொட்டலத்தை மட்டும் எடுத்து வீச வேண்டாம்.

தினம் மாத்திரை வேண்டாம் என்பவருக்கு ஊசிகள் வந்துகொண்டிருக்கின்றன. கபோடெக்ராவிர் 600 மி.கி. பிட்டத்தில் போடுவது, முதல் இரண்டு ஊசி ஒரு மாத இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. அதைவிட நீளமானது லெனகாபவிர்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வயிற்றுத் தோலுக்கு அடியில் 1.5 மி.லி. இரண்டு ஊசி, தொடங்கும் நாளும் மறுநாளும் 300 மி.கி. மாத்திரை இரண்டிரண்டு. தென்னாப்பிரிக்கா, உகாண்டாப் பெண்களிடம் நடந்த ஆய்வில் இந்த ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2025 ஜூனில் அமெரிக்க அனுமதி, ஜூலையில் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,218 டாலர் விலை. நம் ஹைதராபாத் கம்பெனிகளான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலரில் தருவதாக அறிவித்திருக்கின்றன. போட்ட இடத்தில் கட்டி மாதிரி தங்கும், அதைக் கீறிவிடக் கூடாது. ரிஃபாம்பிசின் இதன் அளவையும் இறக்கிவிடும். ரிக் வண்டிக்காரருக்கு இதைவிடப் பொருத்தம் எதுவும் இல்லை என்பது எங்கள் எண்ணம். ஆனால் அந்த ஊசி வரட்டும் என்று இன்றைய மாத்திரையைத் தள்ளிப் போடுவதில் நியாயம் இல்லை.

கடைசியாக, கவுன்டர். ‘எச்.ஐ.வி. மாத்தரைக்கு வந்தவரு யாருங்க’ என்று வரிசை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை மேலே சொன்ன எச்.ஐ.வி. சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கண்காணிப்பாளர் அய்யா, அம்மா, உங்களிடம் அறிக்கை கேட்கவில்லை. வரும் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, பெயர் சொல்லாமல், உங்கள் கேஷுவாலிட்டிக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். ‘ஊசி குத்திடுச்சுங்க, மாத்திரை இருக்குதுங்களா?’ என்று கேளுங்கள். எடுத்தவர் ‘இருக்குதுங்க, உடனே வாங்க’ என்றால் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடலாம். ‘திங்கக்கிழமை வாங்க’ என்றால், பெட்டியில் என்னென்ன வைப்பது என்று மேலே எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
அந்த மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் சிலர்